இறுக்கினால் சத்தம் நிற்காது

கேள்வி: ஐயா, என்னுடைய ஹேட்ச்பேக் காருக்கு ஏழு வயது ஆகிறது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் வீக் ஆகிவிட்டதால், வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் புதிதாக மாற்றினேன். ஷாக்கை நானே ஸ்பேர் கடையில் வாங்கிக் கொடுத்தேன். வண்டியை எடுத்து வரும்போதே ஸ்பீடு பிரேக்கரில் இடதுபக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். திரும்பக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து, மேலே உள்ள நட்டை ஏர் கன் வைத்து இன்னும் இறுக்கினார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்தது, அப்புறம் பழையபடி வந்துவிட்டது. மறுபடி இறுக்கப் போனபோது நட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இப்போது ஷாக்கில் எண்ணெய் வேறு வழிகிறது. மெக்கானிக், "பீஸே டூப்ளிகேட், வேற வாங்கிட்டு வாங்க" என்கிறார். கடைக்காரர், "ஃபிட்டிங்ல கெடுத்திருக்காங்க, வாரன்டி வராது" என்கிறார். லேத்தில் கொடுத்து மரை போட்டுக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். வண்டியை ஓட்டலாமா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா? யாரிடம் பணம் கேட்பது?
– திருச்சி வாசகர்

பதில்:

முதலில் அவசரமான விஷயம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள். அதைவிட முக்கியம், வீட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

உங்கள் காரில் முன்பக்கம் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக இருக்கும். ஷாக்கின் நடுத்தண்டு (ராட் என்போமே, அது) மேலே ரப்பர் மவுன்ட் வழியாக வந்து ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. வண்டி தரையில் நிற்கும்போது வண்டியின் எடை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும், அதனால் அந்த நட்டுக்குப் பெரிய வேலை இல்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும், ஜாக்கியில் தொங்கும்போதும்தான் அது முழு பாரத்தையும் பிடிக்கிறது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விரிந்து வெளியே தெறிக்காமல் தடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட். மரை போன நிலையில் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ராட் மவுன்ட்டைவிட்டுக் கழன்று வரலாம். ஸ்பிரிங்கில் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடைந்திருக்கும், பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது.

நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட் பெட் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். முன்சக்கரத்தைக் கொக்கியில் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வண்டி வேண்டாம், அதில் சக்கரம் தொங்கும். உங்கள் இன்ஷூரன்ஸில் ரோட் சைட் அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள், இந்தச் செலவு அதிலேயே அடங்கிவிடலாம்.

இனி, நட் ஏன் நிற்காமல் சுற்றுகிறது என்று பார்ப்போம். மரை போய்விட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டீர்கள். அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஷாக்கின் ராட் உள்ளே தன்பாட்டுக்குச் சுற்றக்கூடியது. அதை அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் நட் மட்டும் திரும்பும். அதற்காகவே ராடின் உச்சியில் ஆலன் கீ போட அறுகோணக் குழியோ, சின்ன ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இரண்டு பக்கமோ வைத்திருப்பார்கள். பிடிக்காமல் ஏர் கன்னை மட்டும் வைத்தால் நட்டும் ராடும் சேர்ந்தே சுற்றும்.

எது நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். வண்டி தரையில் நிற்கும்போது ராடின் நுனியிலிருந்து நட் வரை நேராக ஒரு கோடு போடுங்கள். கை ஸ்பேனரால் நட்டை இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள், அவிழ்க்கும் பக்கம் வேண்டாம். கோடு உடையாமல் சேர்ந்தே நகர்ந்தால் ராட் சுற்றுகிறது, மரை பிழைத்திருக்கலாம். கோடு உடைந்து, நட் திரும்பியும் ஒரு இம்மியும் கீழே இறங்காமல், கையில் பிடிப்பே இல்லாமல் இருந்தால் மரை போனதுதான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் மரை பிழைத்திருந்தாலும் அந்த ஷாக் பிழைக்காது. எண்ணெய் வழிய ஆரம்பித்துவிட்டது. ராட் பளபளவென்று குரோம் பூசிய தண்டு, அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீலின் உதடுதான் எண்ணெயையும் நைட்ரஜனையும் உள்ளே வைத்திருக்கிறது. கன் போட்டு ராடை வேகமாகச் சுற்றவிட்டால் அந்த உதடு தேயும். அதைவிடக் கொடுமை, ராட் சுற்றுகிறதே என்று சிலர் பிளையரால் ராடையே கவ்விப் பிடிப்பார்கள். பல் பதிந்த இடத்தில் குரோம் எழும்பி நிற்கும். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அந்தப் பிசிறு சீலுக்குள் போய் வந்து அறுத்துவிடும். இப்படிக் கெட்ட சீலை மாற்ற இந்த ஷாக்கில் வழி கிடையாது. மூடி முத்திரையிட்ட பொருள் அது.

லேத்தில் கொடுக்கச் சொன்ன நண்பருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், ஆனால் கேட்காதீர்கள். நல்ல லேத்காரர் கையில் மரை அருமையாக வரும், அதில் சந்தேகம் இல்லை. சிக்கல் வேறு. மரை போன தண்டில் மறுபடி மரை வெட்ட வேண்டுமானால் விட்டத்தைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். 12 மில்லிமீட்டரை 10 ஆக்கினால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நைஸ் மரை (நெருக்கமான பல் உள்ள மரை) வெட்டிய 12 மில்லிமீட்டர் தண்டில் பாரம் தாங்கும் பரப்பு சுமார் 92 சதுர மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டரில் அது 61. மூன்றில் ஒரு பங்கு பலம் அங்கேயே போய்விடுகிறது. வெல்டிங் வைத்து நிரப்பி வெட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். உள்ளே எண்ணெயும் அழுத்தத்தில் வாயுவும் உள்ள மூடிய குழாய் அது. வெல்டிங் சூட்டில் சீல் உருகுவது சின்ன நஷ்டம், குழாய் வெடித்தால் ஆளுக்கே ஆபத்து. நட்டையே ராடோடு பற்றவைத்துவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். அதன்பின் அதைக் கழற்ற கட்டிங் வீல்தான் வேண்டும், அதுவும் அமுங்கிய ஸ்பிரிங்குக்கு மேலே நின்றுகொண்டு.

ஆக, புது ஷாக். புது நட். மவுன்ட்டும் புதிது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு இறுக்கியும் ஏன் சத்தம் நிற்கவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் அடுத்த முறை பட்டறையில் சரியான கேள்வியைக் கேட்க முடியும். மரை வெட்டிய ராட் நுனியும் ஒரு போல்ட் மாதிரிதான். போல்ட் ஒரு முரட்டு ஸ்பிரிங். இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, நீண்டது சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஓர் எல்லைவரை நீண்டது திரும்பும். எல்லையைத் தாண்டினால் முழுதாகத் திரும்பாது, ஜட்டி எலாஸ்டிக் மாதிரி தொளதொளத்துவிடும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால் அறுந்துபோகும் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எட்டு, அந்த அளவில் 80 சதவீதம், அதாவது 640-லேயே நிரந்தரமாக நீண்டுவிடும் என்கிறது. எல்லை தாண்டிய போல்ட் இறுக்கியது போலத் தோன்றும், ஆனால் அதன் பிடிப்பை நம்ப முடியாது. ஒருமுறை இறுக்கியதும் சத்தம் குறைந்து, பிறகு பழையபடி வந்தது என்கிறீர்களே, ரப்பர் நசுங்கிய வரைக்கும் கொஞ்சம் அடங்கியிருக்கும். அவ்வளவுதான்.

இன்னொன்று. நாம் ஸ்பேனரில் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மீதி எல்லாம் நட்டின் அடிப்பரப்பிலும் மரையிலும் உராய்விலேயே கரைகிறது. அதனால்தான் மரையில் கிரீஸ் தடவி அதே பலம் போட்டால் போல்ட் அளவுக்கு மீறி நீள்கிறது, துருப்பிடித்த மரையில் அதே பலம் போட்டால் பிடிப்பே வருவதில்லை. கம்பெனி சொல்லும் இறுக்க அளவு பொதுவாகச் சுத்தமான, உலர்ந்த மரைக்கானது. 'கை சொல்லும் சார்' என்று சொல்லும் அனுபவசாலிகளை நான் மதிக்கிறேன். ஆனால் மரை துருவா, எண்ணெயா என்பதைக் கை சொல்லாது, ஏர் கன் பிடித்த கை சுத்தமாக எதையும் சொல்லாது.

கணக்கைப் பாருங்கள். சின்ன கார்களில் இந்த மேல் நட்டுக்குக் கேட்கும் இறுக்கம் பெரும்பாலும் 40 முதல் 70 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் மாடலின் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. 50 என்றால், கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் இருபது கிலோ பாரம் தொங்குவது போல. ஒரு கையால் போடக்கூடிய பலம்தான். பட்டறையில் இருக்கும் அரை அங்குல ஏர் கன்களில் பல 500-ஐத் தாண்டும். லாரி வீல் நட் கழற்றுகிற அளவுக்குத் திமிர் உள்ள கருவியை, ஒரு கையால் இறுக்க வேண்டிய நட்டின் மேல் வைத்திருக்கிறார்கள். மவுன்ட்டை பாடியோடு பிடிக்கும் சுற்றிலும் உள்ள சின்ன நட்டுகள் இன்னும் பாவம். அவை உட்காருவது பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் ஸ்டட்டில் (மவுன்ட்டோடு சேர்ந்த, தலையில்லாத போல்ட்), 25 நியூட்டன் மீட்டர் அளவில் போதும் என்று இருந்துவிடும். அவற்றையும் எண்ணிப் பாருங்கள், ஒன்று முறிந்திருந்தால் "ரெண்டு புடிச்சிருக்குல்ல சார்" என்று சொல்லி அனுப்பியிருக்க வாய்ப்புண்டு. போதாது. ஸ்டட் முறிந்த மவுன்ட் மாற்ற வேண்டிய மவுன்ட்.

மேல் நட் விஷயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ராடில் மரை தொடங்கும் இடத்துக்குக் கீழே ஒரு படி இருக்கும். மவுன்ட்டின் நடுவில் உள்ள இரும்பு வளையம் அந்தப் படியில் போய் உட்காரும், நட் மேலிருந்து அழுத்தும். சரியான அளவு இறுக்கியதுமே இரும்போடு இரும்பு சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் இறுக்கினால் நெருங்க எதுவுமே இல்லை, மரைதான் நீளும். சில டிசைன்களில் அந்த நட் ஸ்ட்ரட் பேரிங்கையும் (ஸ்டியரிங்கோடு ஸ்ட்ரட் திரும்ப உதவும் பேரிங்) சேர்த்து அழுத்தும், அங்கே அளவு மீறினால் ஸ்டியரிங் கனத்துப்போய், திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வராமல் அடம்பிடிக்கும். உங்கள் வண்டியில் அப்படி ஏதும் தெரிந்ததா என்று எழுதவில்லை. தெரிந்திருந்தால் பேரிங்கும் பட்டியலில் சேரும்.

சரி, மெக்கானிக் சொல்வது உண்மையா, கடைக்காரர் சொல்வது உண்மையா? இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், கழற்றிய ஷாக்கைப் பாருங்கள். அதில் எல்லாம் எழுதியிருக்கும். பகல் வெளிச்சத்தில் ராடை முழுதாக வெளியே இழுத்து விரல் நகத்தால் மேலிருந்து கீழாக வருடுங்கள். நகம் தட்டினால் அங்கே பிளையர் பல் பட்டிருக்கிறது, அது ஃபிட்டிங்கில் வந்த சேதம். நட்டின் அடிப்பரப்பையும் வாஷரையும் பாருங்கள். வட்டமாக உழுதது போலத் தடம் இருந்தால், வாஷர் தட்டையாக இல்லாமல் கிண்ணம் போலக் குழிந்திருந்தால், கன் போட்டது மிதமிஞ்சிப் போயிருக்கிறது. மரையில் ஒரு பகுதி மிச்சமிருந்தால் அதே அளவு புது போல்ட் ஒன்றின் மரையை அதோடு பக்கவாட்டில் ஒட்டிவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லோடு பல் கச்சிதமாக உட்காராமல் போகப்போக விலகினால் தண்டு நீண்டுவிட்டது. இன்னும் சுலபமான சோதனை, நைலான் வளையம் இல்லாத சாதாரணப் புது நட்டைக் கையால் போட்டுப் பார்ப்பது. சில சுற்று தாராளமாக ஓடி, நடுவில் திடீரென்று இறுகி நின்றால் அதே கதைதான்.

இவை ஒன்றுமே இல்லை, ராட் கண்ணாடி போல இருக்கிறது, மரை சீராக இருக்கிறது, ஆனாலும் எண்ணெய் மட்டும் வழிகிறது என்றால் கடைக்காரர் வாரன்டியில் எடுத்துக்கொள்ள வேண்டிய பீஸ் அது. எண்ணெயிலும் வித்தியாசம் உண்டு. மேல் விளிம்பில் லேசாக ஈரம் பூத்து அதில் தூசி படிந்திருப்பது வழக்கமானது, சீல் தன் வேலையைச் செய்யும்போது ராடோடு மெல்லிய படலம் வெளியே வரத்தான் செய்யும். குழாய் உடம்பின் பாதி வரை ஒழுகிச் சொட்டினால்தான் லீக். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நிற்காமல் சுற்றும் நட்டும் வழியும் எண்ணெயும் ஒரே பக்கத்தில் வந்திருக்கின்றன. என் கணிப்பு கடைக்காரர் பக்கம் சாய்கிறது. ஆனால் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர் நீங்கள்தான்.

டூப்ளிகேட் என்ற சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பெட்டியிலும் ஷாக் உடம்பிலும் உள்ள பார்ட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா, அந்த நம்பர் உங்கள் மாடலுக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் உரியதுதானா என்று கம்பெனி கேட்டலாக்கில் பாருங்கள். இடது, வலது என்று முன்பக்க ஷாக்குகளுக்கு நம்பர் வேறு வேறாக இருக்கும், மாற்றிக் கொடுத்த கதைகளும் உண்டு. ஆனால் ஒன்று, ஒரிஜினல் ராடானாலும் 500 நியூட்டன் மீட்டரை அது தாங்காது. மரை போனதற்கு மட்டும் 'டூப்ளிகேட்' ஒரு பதில் ஆகாது.

இப்போது உங்கள் பிரச்சினையின் வேருக்கு வருகிறேன். எல்லோரும் மறந்துபோன கேள்வி இது: முதல் நாள் வந்த அந்த 'டொக் டொக்' எங்கிருந்து வந்தது? ஷாக்கை மாற்றிவிட்டு அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் புது ஷாக்கிலும் அதே சத்தம் வரும், மறுபடி கன்னை எடுப்பார்கள்.

ஏழு வருஷம் ஓடிய வண்டி என்பதால் என் முதல் சந்தேகம் பழைய மவுன்ட் மேல். ஷாக்கை மாற்றும்போது மவுன்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் ஆகியவற்றைப் பழையதையே போட்டு மூடியிருப்பார்கள், நீங்களும் ஷாக் மட்டும்தான் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்த மவுன்ட்டில் ராட் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்துக்கும் நட் இறுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. நட் வளையத்தைப் பிடித்திருக்கிறது, வளையத்துக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டுதான் போய்விட்டது.

அடுத்தது லிங்க் ராட். வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் குச்சி அது. ஷாக் மாற்ற அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஏற்கெனவே தேய்ந்த பால் ஜாயின்ட் ஆட்டத்துக்கு வந்துவிடும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில், அதுவும் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது வரும் 'டொக் டொக்'கில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவம். மெக்கானிக்கை இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்துவிட்டு, பட்டறைத் தெருவிலேயே மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். திரும்ப மாட்டாமல் மெயின் ரோட்டுக்கு எடுக்கக் கூடாது, வளைவில் வண்டி அதிகமாகச் சாயும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளினால், ஸ்பிரிங் நுனி அதன் குழியில் உட்காரவில்லை அல்லது மேலே பேரிங் இறுகிவிட்டது. ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் கையை வைத்தால் உதறல் கையிலேயே தெரியும். உங்கள் வண்டியில் மரை போயிருக்கலாம் என்பதால் இந்தச் சோதனையெல்லாம் புது ஷாக் போட்ட பிறகுதான். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் ஒரு கம்பி வைத்து நெம்பிப் பார்த்துவிடச் சொல்லுங்கள், அது இரண்டு நிமிட வேலை.

மறுபடி மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கி, மவுன்ட்டில் பாரமே இல்லை என்று ஆன பிறகுதான் மேல் நட்டில் கை வைக்க வேண்டும். உங்கள் பழைய ஷாக்கைக் கழற்றும்போது இது இன்னும் கண்டிப்பு, அங்கே நட்டை நம்ப முடியாது. புது ஷாக்கில் ராடை ஆலன் கீயால் பிடித்து, நட்டைக் கையால் மரையில் ஏற்றி, ரிங் ஸ்பேனரால் இறக்க வேண்டும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து சொல்லும் ஸ்பேனர்). ஆலன் கீயைப் போட்டுக்கொண்டே டார்க் ரெஞ்சை வைக்க நடுவில் ஓட்டையுள்ள சாக்கெட் வேண்டும், இல்லாத பட்டறையில் ஸ்பேனரால் நிதானமாக இறுக்கி முடித்தாலும் கன்னைவிட ஆயிரம் மடங்கு மேல். பழைய நட் வேண்டாம். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டெல்லாம் ஒரு தடவைக்குத்தான்.

கீழே ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் இந்தச் சமயத்தில் மாற்றிவிடச் சொல்வேன். மேலே கன் போட்டவர் கீழே மட்டும் பார்த்துப் பார்த்து இறுக்கியிருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. சக்கரம் நேராக நிற்பது அந்த இரண்டின் பிடிப்பில்தான். நீண்டுபோன போல்ட்டில் பிடிப்பு குறைந்தால் பள்ளத்தில் அடிபடும்போது நக்கிள் ஒரு மயிரிழை நகரும், கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் அளவு) மாறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் மட்டும் தேயும். பல வண்டிகளில் இந்த போல்ட்டின் தலையடியில் பல் பல்லாக இருக்கும், அது ஓட்டையில் கடித்து உட்கார்வதற்காக. தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் ஓட்டை தேய்ந்துவிடும். இந்த போல்ட்டைக் கழற்றினாலே வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். முதல் தடவை ஷாக் மாற்றியபோது பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபோக்ஸ்வாகன் போலோ போன்ற வண்டிகளில் இந்த இரண்டு போல்ட் அமைப்பு கிடையாது. ஷாக் குழாயே நக்கிளில் உள்ள வளையத்துக்குள் நுழைந்து நிற்கும், ஒரே போல்ட் அந்த வளையத்தை இறுக்கும். அங்கே அளவு மீறினால் நக்கிளின் காது விரிசல் விடலாம், குழாயும் நசுங்கலாம். பின்பக்க ஷாக் மாற்றுபவர்களும் கவனிக்க வேண்டும். கீழ்க் கண்ணில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம். மேலே இரண்டு ரப்பர் வாஷர்களை நட் அமுக்கிப் பிடிக்கும் மாடலில், ரப்பர் இரும்பு வாஷரின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினால் இறுக்கியது அதிகம்.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? பழைய வண்டியில் ஒரு ஷாக் போனால் ஜோடியாக மாற்றுங்கள் என்றுதான் எப்போதும் சொல்வேன், ஒன்று புதிதும் ஒன்று தொய்ந்ததுமாக இருந்தால் பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் முக்கும். உங்களுக்கு அது பொருந்தாது. வலது ஷாக்கும் இப்போதுதான் போட்டது. அதே கம்பெனியில், அதே வரிசைக்குரிய பார்ட் நம்பரில் இடதுக்கு மட்டும் வாங்கினால் போதும். ஆனால் வலது பக்கத்தையும் இறக்கி ராடையும் மரையையும் மேலே சொன்னபடி பார்த்தே ஆக வேண்டும். அதுவும் அதே கையால், அதே கன்னால் இறுக்கப்பட்டது. மவுன்ட்டை மட்டும் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஏழு வருஷ ரப்பருக்காக இன்னொரு முறை கூலி கொடுப்பது வீண்.

பணம் கேட்பது பற்றி. பழைய ஷாக், நட், வாஷர் எதையும் பட்டறையில் விடாதீர்கள். "நாங்களே தூக்கிப் போட்டுடறோம்" என்பார்கள், சிரித்துக்கொண்டே வாங்கி டிக்கியில் போடுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ராடையும் நட்டையும் கிட்டத்தில் ஒரு போட்டோ. பிளையர் தடம் இருந்தால் அதை மெக்கானிக்கிடம் நேராகக் காட்டி, அமைதியாகப் பேசுங்கள். ஷாக்கின் விலையும் மறுபடி மாட்டும் கூலியும் அவருடையது, மவுன்ட்டும் லிங்க் ராடும் உங்கள் செலவு. இதுதான் நியாயமான பிரிப்பு என்று எனக்குப் படுகிறது. மவுன்ட் எப்படியும் போட வேண்டியது, அதை அவர் தலையில் கட்ட முடியாது. பெரும்பாலானவர்கள் கத்தினால் எதிர்ப்பார்கள், பொருளைக் காட்டினால் இறங்கி வருவார்கள்.

இறங்கி வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் பில் வேண்டும். ஷாக் வாங்கிய பில்லும், மாட்டிய கூலிக்கு ஏதாவது ரசீதும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அதையும், ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள். ஒரு ஷாக்குக்காக ஆணையம் வரை போவதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நானாக இருந்தால் நேரில் பேசிப் பார்த்துவிட்டு, நடக்காவிட்டால் பட்டறையை மாற்றிக்கொள்வேன்.

புதிய பட்டறையில் கேட்க ஒரே கேள்வி: "டார்க் ரெஞ்ச் இருக்கா?" இருக்கிறது என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் தூசி படிந்து கிடக்கிறதா, கைப்பிடி தேய்ந்திருக்கிறதா என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

வேலை முடிந்து சக்கரத்தை மாட்டும்போதும் அங்கேயே நில்லுங்கள். வீல் நட்டுக்கும் அளவு உண்டு, சின்ன கார்களில் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். அதற்கும் ஏர் கன்னைத்தான் எடுப்பார்கள். உங்கள் டிக்கியில் உள்ள வீல் ஸ்பேனரை எடுத்து, பட்டறை வாசலிலேயே நான்கு சக்கரத்திலும் ஒரு நட்டையாவது உங்கள் கையால் அவிழ்க்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அவிழ்த்ததைத் திரும்ப டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே முடியாத நட், ராத்திரி விழுப்புரம் பைபாஸில் பஞ்சராகி நிற்கும்போதும் முடியாது.